தலைக்கட்டு என்றால் யார்

எங்கள் பங்காளிகள் பெரிய கோயிலிலிருந்து பிரிந்து வந்த அன்று, என் கொழுந்தனார் வாசலில் நின்றபடியே, "நமக்குச் சுதந்திரம் கெடைச்சிருச்சுங்க நங்கையா" என்றார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்பார்கள். முதல் மரியாதை யாருக்கு என்று தொடங்கிய சண்டை வருஷக்கணக்கில் வழக்காக நடந்து, 'நீங்கள் தனியாகவே கும்பிட்டுக்கொள்ளுங்கள்' என்று முடிந்திருந்தது. குலதெய்வத்தின் காலடியிலிருந்து பிடிமண் எடுத்து வந்து, எங்கள் நிலங்களுக்கு நடுவிலேயே கோயில் கட்டி, குடமுழுக்கும் செய்தார்கள். மண் வந்தால் பின்னாலேயே சாமியும் வந்துவிடும். சட்டம் அப்படி வராது. அறக்கட்டளையாகப் பதிவு செய்ய விதிமுறைகள் எழுதிக் கொண்டுவரச் சொன்னார் பத்திரம் எழுதுகிறவர். அதற்குத்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

நான் திருச்செங்கோட்டுக்கு அருகே ஒரு பெண்கள் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். இந்திய அரசியலமைப்பு உருவான கதையை வருஷம் தவறாமல் சொல்லிச் சொல்லி, அது எனக்குப் பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. "நாட்டுச் சட்டத்தயே கரைச்சுக் குடிச்சவங்க, கோயில் சட்டம் எழுத மாட்டீங்களா?" என்று கேட்டார் கொழுந்தனார். போர்வெல் லாரி வைத்திருக்கிறவர் அவர், கோயிலுக்குப் பொருளாளர். முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கணவர் இறந்த பிறகு, பள்ளிக்கூடத்திலிருந்து என் மகளை அழைத்து வந்ததும், கிணற்று மோட்டார் ரிப்பேரானால் ஓடி வந்ததும் அவர்தான்.

அன்று என்னிடம் அதைக் கேட்க வந்தவர்களில் ஒருவருக்கும் ஒரு விஷயம் உறைக்கவில்லை. சட்டம் எழுதப் போகிற நான் அந்தக் கோயிலின் கணக்கிலேயே கிடையாது.

எங்கள் கோயிலில் ஆளை எண்ணுவதில்லை, தலைக்கட்டைத்தான் எண்ணுவார்கள். கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, முன்னால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வீடு வீடாக வரி வாங்குவார்கள். கோயிலில் பேச்சும் உரிமையும் வரி கட்டியவருக்குத்தான். நோம்பி முடிந்ததும் ஒவ்வொரு தலைக்கட்டின் பெயரையும் ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, பொங்கலும் தேங்காய் மூடியும் கொடுப்பார்கள். என் கணவர் மாரடைப்பில் போன வருஷத்திலிருந்து வரி வாங்குகிறவர்கள் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டில் செருப்பைக் கழற்றுகிற சத்தமும், ரசீது கிழிக்கிற சத்தமும் எனக்குக் கேட்கும். ஊரே வரி கட்டாமல் தப்பிக்க வழி தேடுகிற காலத்தில், என்னிடம் ஏன் வரி கேட்கவில்லை என்று அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்கு வயல் இருந்தது, சம்பளம் இருந்தது, பிள்ளையும் இருந்தாள். ஆனாலும் அந்த ஒரு சத்தம் என் வாசலைக் கடந்து போகும்போதெல்லாம், நானும் அவரோடு செத்துப்போய்விட்டதாகவே தோன்றும்.

அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன். தலைக்கட்டு என்றால் யார் என்கிற ஒரு வரிக்காக மற்ற எல்லா வரிகளையும் எழுதச் சம்மதித்தேன்.

கூட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் நடந்தன. தலைமைக்கு எல்லோருக்கும் மூத்த பங்காளி. கோழிப்பண்ணை வைத்து, இப்போது மகன்களிடம் ஒப்படைத்துவிட்டவர். எனக்கு மாமனார் முறை. நான் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். எழுதுகிறவள் என்பதால் மட்டும் எனக்கு அந்த நாற்காலி. பங்காளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது, அதில் தலைக்கட்டுகள் மட்டும்தான். நான் எழுதிய வரைவை நானே அதில் போட முடியாது. கொழுந்தனாருக்கு அனுப்புவேன், அவர் போடுவார். வருகிற பதில்களையும் அவரே போனில் படித்துக் காட்டுவார். இந்தக் கூத்தை என் மகளிடம் சொன்னபோது, "அம்மா, நீங்க பேய் மாதிரி வேலை செய்யறீங்க. இருக்கீங்க, ஆனா யார் கண்ணுக்கும் தெரியல" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் சண்டை முதல் வரியிலேயே வந்தது. நான் 'இக்கோயிலின் பங்காளிகளாகிய நாங்கள்' என்று தொடங்கியிருந்தேன். குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கிற ஒரு பங்காளி எழுந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சரம்மா, கோயில் சட்டத்துலயே சாமி பேரு இல்லாமயா?"

நாடு தன் சட்டத்தை எழுதியபோதும் இதே கேள்வி வந்தது என்றேன். கடவுளின் பெயரால் என்று தொடங்க வேண்டும் என ஓர் உறுப்பினர் கேட்டார், அதை ஓட்டுக்கு விட்டார்கள், தோற்றுப்போனது, 'மக்களாகிய நாம்' என்பதே நின்றது. கதை கேட்கிற பிள்ளைகளைப் போல எல்லோரும் கேட்டார்கள். தறிக்காரர் மட்டும் அசையவில்லை.

"அது நாட்டுக்குங்க. நாட்டுக்கு ஏகப்பட்ட சாமி. நமக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க இருக்குது, அதயும் உட்டுப்போடச் சொல்றீங்களா?"

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு சாமி பேரை மேலே போட்டேன். விட்டுக்கொடுக்க முடிந்ததையெல்லாம் அப்படி விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து ஊர்க் கோயிலின் விதிகளை ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மாற்றினால் போதும் என்று ஒருவர் சொன்னதற்கும் கோபப்படவில்லை. நம் அரசியலமைப்பையும் நாலு நாட்டிலிருந்து இரவல் வாங்கியது என்று அன்றைக்கே குறை சொன்னார்கள். நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்வதில் வெட்கமில்லை என்பதுதான் எழுதியவர்களின் பதில். கணக்குத் தணிக்கை, நிர்வாகிகளின் பதவிக்காலம், யார் கையெழுத்தில் பணம் எடுப்பது என்று ஒவ்வொன்றாக முடிந்தது.

முடிவு எடுக்கும் முறையையும் அவர்கள் வழக்கப்படியே எழுதினேன். எங்கள் பங்காளிகள் கை தூக்கி ஓட்டுப் போட மாட்டார்கள். ஒருவன் கை தூக்கி இன்னொருவன் தூக்காமல் போனால் கல்யாணம் காட்சியில் முகம் பார்க்க முடியாது என்பது அவர்களுடைய ஞாயம். மூத்தவர் விஷயத்தைச் சொல்லி, "ஆருக்காச்சும் மாத்துக் கருத்து இருக்குதுங்களா?" என்று கேட்பார். ஒருவரும் பேசாவிட்டால் நிறைவேறியது. யாராவது பேசினால் அது நின்றுபோகும், அடுத்த கூட்டத்துக்கோ அடுத்த வருஷத்துக்கோ. பேசாமல் இருப்பதுதான் அங்கே ஓட்டு.

தலைக்கட்டுக்கான விதியை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனேன். அரசியலமைப்பின் முகவுரையைக்கூட மற்ற பகுதிகளையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள் என்று காரணமும் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் என் காரணம் அதுவல்ல. எனக்குப் பயம். தலைக்கட்டு என்றால் யார் என்பது அவர்களுக்கு ஒரு கேள்வியே இல்லை. சோறு என்றால் என்ன என்று யாராவது சட்டம் எழுதுவார்களா?

கடைசிக் கூட்டத்துக்கு முந்தின வாரம் அந்த விதியை எழுதினேன். 'தனியாக உலை வைக்கும் ஒவ்வொரு பங்காளிக் குடும்பமும் ஒரு தலைக்கட்டு. அதன் தலைமை ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம்.' கொழுந்தனாருக்கு அனுப்பினேன். எப்போதும் உடனே "சரிங்க" என்று பதில் போடுகிறவர், அன்று பார்த்துவிட்டு ஒன்றும் போடவில்லை. மாலையில் நேரில் வந்தார். காப்பி வேண்டாம் என்றார். அவர் என் வீட்டில் காப்பி வேண்டாம் என்று சொன்னதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"இது என்னத்துக்குங்க நங்கையா? உங்களுக்கு நான் என்ன கொறை வெச்சேன்?"

"நீங்க ஒரு கொறையும் வெக்கலீங்க. இது கொறையப் பத்தின பேச்சில்ல."

"பங்காளிக என்ன பேசுவாங்க? அண்ணன் போனதும் தம்பிகாரன் தனியா ஒதுக்கி வெச்சுட்டான், பொம்பள தனியா வரி கட்டறாம்பாங்க. அண்ணன் ஊடு, என் ஊடுன்னு நான் பிரிச்சுப் பாத்ததே இல்லீங்களே."

"நீங்க பிரிக்கலீங்க. வாசல்ல நின்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கு ஆள் வரணும். அவ்வளவுதான்."

அவர் எழுந்தார். "நான் இதக் குழுவுல போட மாட்டேனுங்க. நீங்களே கூட்டத்துல படிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்பாக இருக்கிறவர்களிடம் உரிமை கேட்பது போலக் கஷ்டம் உலகத்தில் இல்லை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிடலாம்.

அந்த வாரம் வகுப்பில் முதல் வாக்காளர் பட்டியலைப் பற்றி நடத்தினேன். அரசியலமைப்பு முடியும் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பல ஊர்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவே இல்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொன்னார்கள். பெயர் சொல்லாதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஒரு மாணவி கேட்டாள்: "மேம், அவங்களுக்குச் சொல்லப் பிடிக்கலையா, சொல்ல விடலையா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து இன்னொருத்தி, "உங்க கோயில்ல மேளம் அடிக்கறவங்களும் உங்க சட்டத்துல வருவாங்களா மேம்?" என்று கேட்டாள். கோயில் விஷயத்தைப் பெருமைக்கு நானே வகுப்பில் சொல்லியிருந்தேன். வர மாட்டார்கள் என்றேன். அவள் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். பங்காளி என்கிற சொல்லோடு எங்கள் 'நாங்கள்' முடிந்துவிடுகிறது. நான் திறக்கக் கேட்ட கதவு அந்த வளவு மதிலுக்குள்ளே இருக்கிற ஒரு கதவுதான். அது தெரிந்தும் அதையே கேட்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. பத்திரத்தோடு இணைக்க வேண்டிய தலைக்கட்டுப் பட்டியலைக் கொழுந்தனார் அச்சடித்துக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் விதியைப் படித்தேன். வகுப்பில் இத்தனை வருஷம் பேசிய குரல், இரண்டு வாக்கியத்துக்கு நடுங்கியது.

"அம்மிணி, இன்னொருக்காப் படி" என்றார் மூத்தவர். படித்தேன்.

"அப்ப, ஊட்டுக்காரர் இல்லாத பொம்பளைகளும் தலைக்கட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"பெரிய கோயில்லயே கெடையாதே," என்றார் இன்னொருவர்.

"பெரிய கோயில் மாதிரியே இருக்கறதுக்கு எதுக்குங்க பிரிஞ்சு வந்தோம்?" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சூடாக வந்தது என்று தெரிந்தது. கொஞ்சம் தணித்துக்கொண்டு சொன்னேன்: "நாட்டுக்குச் சட்டம் எழுதுன சபைய எல்லாருமா ஓட்டுப் போட்டு அனுப்பல. சொத்தோ படிப்போ இருந்த கொஞ்சப் பேருக்குத்தான் அப்ப ஓட்டு. அந்தக் கொஞ்சப் பேரால வந்தவங்கதான் எல்லாருக்கும் ஓட்டுன்னு எழுதுனாங்க. கையில இருக்கறவங்கதானுங்க குடுக்க முடியும். எனக்கு இங்க பேச்சே இல்ல. இருக்கறது உங்களுக்குத்தான்."

தறிக்காரர் தொண்டையைச் செருமினார். "அரை வரி வாங்கிக்கலாமுங்க. அரைத் தலைக்கட்டுன்னு போட்டுப்போடலாம். அவங்க மனசும் நோகாது, நம்ம வழக்கமும் கெடாது."

"அரை ஆளாட்டம் நான் உலை வெக்கலீங்க," என்றேன்.

யாரோ ஒருவர் சிரித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். மூத்தவர் கையை உயர்த்தினார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஆருக்காச்சும் மாத்துக் கருத்து இருக்குதுங்களா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு கைம்பெண்ணின் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்கிற பாவத்தை ஏற்க ஒருவரும் தயாராக இல்லை. ஆனால் எல்லோருடைய பார்வையும் ஒரே இடத்துக்குப் போயிற்று. என் கொழுந்தனார் வேண்டாம் என்றால் அவர்களும் வேண்டாம் என்பார்கள், அவர் பேசாமல் இருந்தால் அவர்களும் பேச மாட்டார்கள். பேசாதீர்கள், பேசாதீர்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் எழுந்தார்.

"ஒரு ஊட்டுக்கு ரெண்டு தலைக்கட்டுப் போட முடியாதுங்க பெரியப்பா."

"ரெண்டு எங்கடா வந்துச்சு?"

"அண்ணன் பேரு இருக்குதுங்க." கையிலிருந்த தாளைக் காட்டினார். "அண்ணன் போனதுக்கப்புறமும் வருசா வருசம் அவரு வரிய நாந்தானுங்க கட்டறேன். பெரிய கோயில்லயும் கட்டுனேன், இங்க குடமுழுக்குக்கும் கட்டுனேன். பேரு கூப்புடறப்ப என் பேருக்கு முன்னால அண்ணன் பேரு வருமுங்க. அதத் தாண்டி நேரா என் பேரக் கூப்புட்டாங்கன்னா..." அவரால் முடிக்க முடியவில்லை. "என்னால அதக் கேக்க முடியாதுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. என் கணவர் போன பிறகு பெயர் கூப்பிடுகிற நேரத்தில் நான் கோயிலில் இருந்ததே இல்லை, பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவேன். பெரிய கோயில் ஒலிபெருக்கி அவ்வளவு தூரம் கேட்காது, புதுக் கோயிலில் இன்னும் நோம்பி நடக்கவில்லை. ஒவ்வொரு நோம்பிக்கும் கொழுந்தனார் வீட்டிலிருந்து பொங்கலும் தேங்காய் மூடியும் வரும். அவர்கள் பங்கில் கொஞ்சம் என்று நினைத்து வாங்கிக்கொள்வேன். அது அவர்கள் பங்கில்லை, என் கணவருடைய பங்கு. செத்துப்போனவருக்குத் தலைக்கட்டு இருந்திருக்கிறது. உயிரோடு உட்கார்ந்து உலை வைத்துக்கொண்டிருந்த எனக்குத்தான் இல்லை. பற்றிக்கொண்டு வந்தது கோபம். கூடவே, அந்த மனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. அண்ணன் மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறவர், அந்த அண்ணனின் வீட்டில் நான் இருக்கிறேன் என்பதை எப்படி மறந்தார்?

மூத்தவர் என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, நீ எழுதுனபடி பாத்தாலும் ஒரு உலைக்கு ஒரு தலைக்கட்டுத்தான். அவன் பேரு இருக்கட்டுமா, உம்பேரு வரட்டுமா? ரெண்டும் ஆகாது. நீயே சொல்லு சாமி."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்பார்கள், சண்டை போடுவேன் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் பெயரை எடு என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை. பேசாமல் இருந்துவிடலாம். அவர் பெயர் வருஷா வருஷம் ஒலிபெருக்கியில் வரும், என் மகள் கேட்பாள், கொழுந்தனாரின் மனசும் ஆறும். நான் வாயை மூடிக்கொண்டால் போதும், எல்லோருக்கும் நிம்மதி. அந்தக் கொட்டகையில் என்னுடைய பேசாமையையும் ஓட்டாக எண்ண ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

"அவரு பேர எடுத்துருங்க மாமா," என்றேன்.

"நங்கையா!" என்றார் கொழுந்தனார். அடிபட்டவர் குரல் அது. "நான் அண்ணன் பேர அடிக்க மாட்டேனுங்க. என் கையால ஆகாது."

எழுந்து போய் அவர் கையிலிருந்த தாளை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. என் கணவரின் பெயர் அவர் சொன்னது போலவே அவருடைய பெயருக்கு மேலே இருந்தது. கோடு போட்டேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். மூத்தவர் மறுபடியும் மாற்றுக் கருத்துக் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. கொழுந்தனார் வெளியே போய், வேப்பமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். "அப்ப நிறைவேறுச்சு" என்றார் மூத்தவர்.

அதற்குப் பிறகு கொழுந்தனார் என் வீட்டுக்கு வரவில்லை. புதுக் கோயிலின் முதல் நோம்பி என்று சாட்டி அறிவித்தார்கள். வரி வாங்க வேறு இருவர் வந்தார்கள், வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். ரசீதை வாங்கி வைத்துக்கொண்டேன். நினைத்திருந்த சந்தோஷம் வரவில்லை.

நோம்பியன்று பூசை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பெயர் கூப்பிடுவது பொருளாளர் வேலை. மைக்கைப் பிடித்தபடி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தார் கொழுந்தனார். மூத்தவர் போனார், தறிக்காரர் போனார். பிறகு அவருடைய பெயருக்கு முந்தின பெயர் வந்தது. நிறுத்திவிட்டார். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என் பெயரைச் சொன்னதே கிடையாது, அப்படிச் சொல்கிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. ஒலிபெருக்கியில் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பொங்கல் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னைத் தாண்டி நேராகத் தன் பெயருக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் நானும் பேசாமல் எழுந்து போய்விடுவது என்று இருந்தேன்.

கூப்பிட்டார். என் பெயரை முழுசாகச் சொன்னார். மைக்கை அணைக்கத் தோன்றாமல் அப்படியே அழுதுவிட்டார், காடு கரையெல்லாம் கேட்டது. நான் எழுந்து போய் என் பங்கை வாங்கிக்கொண்டேன்.